ஆயிரம் ரூபாயில் பாதி மெஷினுக்குள்ளேயே நிற்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மகளிர் உரிமைத் தொகை பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. யாருக்குக் கிடைத்தது, யார் மனு தள்ளுபடியானது, மேல்முறையீட்டுக்கு எங்கே போவது என்றெல்லாம் விவரமாகப் போடுகிறீர்கள். ஆனால் பணம் கணக்கில் ஏறிய பிறகு என்ன நடக்கிறது என்பது கண்ணில் படுவதே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கணக்கு விவகாரத்தைச் சுருக்கி எழுதினால் யாருக்கும் புரியாது.

நான் மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில் ஒரு கிராமத்து மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர். குழுவில் 12 பேர். தீர்மானப் புத்தகம் எழுதுவது, சந்தா வரவு வைப்பது, கடன் தவணை வசூலிப்பது எல்லாம் என் வேலை. பத்தாவது வரை படித்திருப்பதால் வங்கியிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். "கணக்குல என்னமோ புடிச்சிருக்கான் தாயி, என்னன்னு பாரு" என்று பாஸ்புக்கை நீட்டாத ஆள் எங்கள் தெருவில் இல்லை. சரி, ஒருமுறை எல்லாருடையதையும் வாங்கி வரிவரியாகப் பார்த்துவிடுவோம் என்று குழுக் கூட்டத்துக்கு எல்லாரையும் பாஸ்புக்கோடு வரச் சொன்னேன். அதில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வங்கியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் குழுவினருக்கே ஒன்றுக்கு மேற்பட்ட வங்கிகளில் கணக்கு இருக்கிறது, எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே கதைதான்.

குழுவில் மூத்தவரை நாங்கள் அப்பத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய பாஸ்புக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பழைய இருப்பு 3 ரூபாய் 20 காசு. மாதம் 15-ஆம் தேதி உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஏறியது. அன்றைக்கே எஸ்எம்எஸ் கட்டணம் என்று 17 ரூபாய் 70 காசு கழிந்தது. 15 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. அப்பத்தாவிடம் செல்போனே கிடையாது. பேரனுடைய நம்பரைக் கொடுத்திருக்கிறார், அவன் திருப்பூரில் இருக்கிறான்.

மிச்சம் 985 ரூபாய் 50 காசு. இது தெரியாமல் அப்பத்தா ஏடிஎம்மில் ஆயிரத்தை அழுத்தச் சொல்லியிருக்கிறார். இருப்பு போதாது என்று மெஷின் அட்டையைத் துப்பிவிட்டது. அப்படித் துப்பியதற்கு ஒரு கட்டணம்: 20 ரூபாயும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 23 ரூபாய் 60 காசு. பணம் எடுத்ததற்குக் கட்டணம் என்றால்கூட ஒருவிதமாகப் புரிந்துகொள்ளலாம். எடுக்க முடியாமல் போனதற்கும் கட்டணம் உண்டு என்று அந்த வரியைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. மெஷினில் பணம் இல்லை, நெட்வொர்க் இல்லை என்பது போன்ற தொழில்நுட்பக் காரணத்தால் போகும் பரிவர்த்தனைக்குக் கட்டணம் கூடாது, இலவச எண்ணிக்கையிலும் சேர்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இருப்பு போதாமல் திரும்பினால் மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பாவப்பட்டவர்களுக்கு வருவது எப்போதும் இந்த இரண்டாவது வகைதான்.

இப்போது இருப்பு 961 ரூபாய் 90 காசு. இதில் எவ்வளவு எடுக்கலாம்? 900 எடுக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கள் பக்கத்து மெஷின்களில் பெரும்பாலும் 500 ரூபாய் நோட்டு மட்டும்தான். ஆக 500 எடுக்கலாம். மீதி 461 ரூபாய் 90 காசு உள்ளேயே கிடக்கும். அடுத்த மாதம் 1,461 ரூபாய் 90 காசு ஆகும், அதில் 1,000 வரும், மறுபடி 461 ரூபாய் 90 காசு கிடக்கும். அதற்கடுத்த மாதமும் அதே. நடுவில் அட்டைக்கு வருடாந்திரக் கட்டணம் என்று 177 ரூபாய் போனால் அது 284 ரூபாய் 90 காசாக இறங்கும்.

இதை எழுதி எழுதிக் கூட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வங்கிகளும் சரி, அரசும் சரி, இதை 20 ரூபாய், 25 ரூபாய்ப் பிரச்சினை என்றே பேசுகின்றன. கணக்கிலிருந்து குறைவது அவ்வளவுதான். ஆனால் அந்த 20 ரூபாய் குறைந்ததும் அம்மாவின் கைக்கு வராமல் நிற்பது 500 ரூபாய். ஆயிரம் என்ற தொகை 500 ரூபாய் நோட்டு இரண்டாக மட்டுமே வெளியே வரும். ஒரு ரூபாய் குறைந்தாலும் இரண்டாவது நோட்டு வராது. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை என்று சொல்லிக் கொடுத்த கணக்கில், இந்தப் பிடித்தமும் மெஷினும் சேர்ந்து ஒரு குறைந்தபட்ச இருப்பை உண்டாக்கிவிடுகின்றன. அதுவும் நானூறு, நானூற்றைம்பது ரூபாய்க்கு.

500 ரூபாய் எங்களுக்கு என்ன என்று கேட்டால்: எங்கள் குழுவில் பலருக்கு ஒரு மாதச் சந்தாவும் கடன் தவணையில் ஒரு பகுதியும் அதற்குள் அடங்கும். களையெடுப்பு இல்லாத மாதத்தில் ரேஷன் போக மற்ற மளிகைச் சாமானுக்கு அதுதான் முதல். அது வராமல் நின்றால் வட்டிக்கு வாங்குவார்கள். எங்கள் ஊரில் நூற்றுக்குப் பத்து வட்டி சர்வ சாதாரணம். கணக்கில் சொந்தப் பணம் 461 ரூபாய் கிடக்க, வெளியில் 500 ரூபாயை வட்டிக்கு வாங்கிய ஒருவர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்.

2025 ஏப்ரல் 28 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. 2025 செப்டம்பர் 30-க்குள் 75 சதவீத ஏடிஎம்களில் 100 அல்லது 200 ரூபாய் நோட்டு குறைந்தது ஒரு பெட்டியிலாவது இருக்க வேண்டும், 2026 மார்ச் 31-க்குள் அது 90 சதவீதம் ஆக வேண்டும் என்றது. நல்ல உத்தரவு. இதனால் யாருக்கு லாபம் என்று நகரத்தில் இருப்பவர்களைக் கேட்டால் "டீக்கடையில் சில்லறை கொடுக்கலாம்" என்பார்கள். எங்களுக்கு அது சொந்தப் பணம் கைக்கு வருவதா, வராததா என்கிற விஷயம். அந்த 75 சதவீதத்தில் டி.கல்லுப்பட்டி, எழுமலைப் பக்கத்து மெஷின்கள் எத்தனை என்று யாராவது மாவட்டவாரியாகக் கணக்கு வெளியிட்டால் நன்றாக இருக்கும். சதவீதத்தை மதுரை டவுனிலேயே எட்டிவிட்டு எங்களை மிச்சத்தில் வைத்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு உண்டு.

அப்புறம், இலவச எண்ணிக்கை. சொந்த வங்கி மெஷினில் மாதம் 5 முறை, அடுத்த வங்கி மெஷினில் பெருநகரம் அல்லாத இடங்களில் 5 முறை, சென்னை போன்ற 6 பெருநகரங்களில் 3 முறை. அதைத் தாண்டினால் 2025 மே 1 முதல் ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை வாங்கலாம். ஜிஎஸ்டி சேர்த்தால் 27 ரூபாய் 14 காசு. முதலில் 20 ரூபாயாக இருந்தது, 2022 ஜனவரியில் 21 ஆனது, இப்போது 23. பத்துத் தடவை போதாதா என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அடுத்த வங்கி மெஷினில் இருப்புப் பார்ப்பதும் ஒரு தடவைதான். எஸ்எம்எஸ் பேரனுக்குப் போனால், பணம் ஏறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள இவர்களுக்கு மெஷினை விட்டால் வேறு வழி இல்லை. 14-ஆம் தேதி பார்ப்பார்கள், 15 காலையில் பார்ப்பார்கள், வரவில்லை என்றால் சாயங்காலமும் பார்ப்பார்கள். இதே கணக்கில்தான் 100 நாள் வேலைக் கூலியும் காஸ் மானியமும் ஏறுகின்றன. ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைந்ததோ அங்கேதான் போகும், கேட்டுக்கொண்டு போவதில்லை. கூலி என்றைக்கு வரும் என்பதை எங்கள் ஊராட்சியில் யாராலும் சொல்ல முடியாது. அதற்கும் பார்க்க வேண்டும். இப்படிப் பார்த்துப் பார்த்தே இலவச எண்ணிக்கை தீர்ந்து, நிஜமாகப் பணம் எடுக்கும்போது 27 ரூபாய் போகிறது. எங்கள் 12 பேரில் இரண்டு பேர் பாஸ்புக்கில் இந்த 27 ரூபாய் 14 காசு இருக்கிறது. ஒருவர் கூலிக்காகவே பார்த்தவர். இன்னொருவரின் அட்டை மகன் கையில் இருக்கிறது, அது வேறு கதை.

வங்கிக்காரர்கள் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இது வெறும் புலம்பலாகிவிடும். நான் ஒரு வங்கி அட்டையை இன்னொரு வங்கி மெஷினில் செருகிப் பணம் எடுத்தால், என் வங்கி அந்த வங்கிக்கு 19 ரூபாய் கொடுக்க வேண்டும். மே 2025-க்கு முன் அது 17. நமக்கு இலவசமாக இருக்கும் தடவைக்கும் அந்தக் காசை என் வங்கி கொடுக்கத்தான் செய்கிறது. மெஷினுக்கு வாடகை, காவல், பணம் நிரப்பும் வேன் எல்லாம் செலவுதான். கிளையில் இருப்பவர்களும் எங்களைத் துரத்தியடிக்கிற ஆட்கள் இல்லை. கவுன்ட்டரில் ஒரே ஒரு அம்மா, எதிரே நகைக்கடன் கூட்டம். எங்களைப் போல் 500, 1,000 எடுக்க வருகிறவர்களை "வெளியில கைரேகை வைக்கிற இடத்துல வாங்கிக்கங்க" என்று அனுப்புகிறார்கள். அவர்கள் சூழ்நிலை அப்படி.

அந்தக் கைரேகை வைக்கிற இடம் இன்னொரு தலைவலி. அங்கே கைரேகையைச் சரிபார்த்துப் பணம் தரும் வங்கி முகவர் வாடிக்கையாளரிடம் நேரடியாக ஒரு பைசா வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் ஆயிரத்துக்கு 20 ரூபாய் எடுத்துக்கொண்டு மிச்சம் தருவது பல ஊர்களில் நடக்கிறது. எங்கள் பக்கம் வருகிற தம்பி முன்பு வாங்கினார், ஊரில் சத்தம் போட்ட பிறகு நிறுத்திவிட்டார். "அக்கா, எனக்கு வர்ற கமிஷன்ல பெட்ரோலுக்கே காணாது" என்று என்னிடம் சொன்னார். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவருக்குக் கூடுதல் கமிஷன் தர வேண்டியது வங்கி, அப்பத்தா இல்லை. போதாக்குறைக்கு, வருடக்கணக்கில் மண்வெட்டி பிடித்துப் பருத்தி எடுத்த கைகளில் ரேகை ஏது? கையைத் துடைத்து, எண்ணெய் தடவி, பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் "நீங்க ஏடிஎம்முக்கே போயிருங்க" என்பார்.

ஏடிஎம்முக்குப் போவது என்றால் எங்கள் ஊரிலிருந்து மினி பஸ். டவுன் பஸ் என்றால் மகளிருக்குக் கட்டணம் இல்லை, ஆனால் தனியார் மினி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும். போகவர டிக்கெட், அரை நாள் வேலை, கையில் 500 ரூபாய். இதில் வங்கியின் பிடித்தம் எது, பஸ்ஸின் பிடித்தம் எது என்று அப்பத்தாவால் பிரித்துச் சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், ஸ்டாலின் ஆயிரம் போட்டார், தன் கைக்கு வந்தது ஐநூறு.

"ஏன் கஷ்டப்படுறீங்க, கூகுள் பே வெச்சுக்கலாமே" என்று படித்த பிள்ளைகள் சொல்கிறார்கள். எங்கள் 12 பேரில் பட்டன் போன் வைத்திருப்பவர்கள்தான் பாதிக்கு மேல். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. போனில் பணம் என்றால் அது போன் வைத்திருப்பவருடைய பணம். கணவனோ மகனோ "உன் ஆயிரத்துல மாட்டுத் தீவனம் வாங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ரொக்கமாக முந்தானையில் முடிந்து வைத்தால்தான் என்ன செலவு செய்வது என்று அவள் முடிவு செய்ய முடியும். ஆகவே ரொக்கமாக எடுப்பதைப் பழைய பழக்கம் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

இது இன்றைக்கு முளைத்த பிரச்சினையும் இல்லை. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது பயனாளிகளுக்கு ஏடிஎம் அட்டைகளைக் கொடுத்தார். தொடக்கத்தில் 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அதற்கு முன்பே கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தார்கள், ஊரே அந்த ஒரு ரூபாயைப் பற்றிப் பேசியது. பணம் வந்த முதல் வாரத்திலேயே புகார்களும் வந்தன. குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்று பழைய அபராதத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்த வங்கிகள், உரிமைத் தொகை ஏறியதும் அதில் கழித்துக்கொண்டன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு உடனே அறிக்கை விட்டார்: உரிமைத் தொகையில் வங்கிகள் எந்தப் பிடித்தமும் செய்யக் கூடாது, செய்தால் 1100 என்ற எண்ணில் புகார் சொல்லலாம் என்று. அந்த அறிக்கையை உங்கள் பத்திரிகையிலும் படித்த ஞாபகம். அதற்குப் பிறகு சத்தம் அடங்கிவிட்டது.

அபராத விஷயத்தில் உண்மையாகவே கொஞ்சம் முன்னேற்றம் உண்டு. ஸ்டேட் வங்கி 2020-லேயே குறைந்தபட்ச இருப்பு நிபந்தனையை எடுத்துவிட்டது. 2025-ல் கனரா வங்கி, இந்தியன் வங்கி போன்ற வேறு சில பொதுத்துறை வங்கிகளும் எடுத்துவிட்டன. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மற்ற கட்டணங்கள் அப்படியே இருக்கின்றன. அட்டைக்கு ஆண்டுக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம், இருப்பு போதாமல் திரும்பியதற்குக் கட்டணம், இலவச எண்ணிக்கை தாண்டியதற்குக் கட்டணம். அப்பத்தாவின் பாஸ்புக்கில் ஒரு வருடத்துக்குக் கூட்டினேன். எஸ்எம்எஸ்ஸுக்கு நாலு தடவை 70 ரூபாய் 80 காசு, அட்டைக்கு 177, மெஷின் திருப்பியதற்கு 23 ரூபாய் 60 காசு. மொத்தம் 271 ரூபாய் 40 காசு. அவர் இலவச எண்ணிக்கையை ஒருமுறைகூடத் தாண்டவில்லை.

இந்தச் சில்லறையெல்லாம் சேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2023 ஆகஸ்டில் மாநிலங்களவையில் மத்திய நிதித் துறை இணையமைச்சர் பகவத் கராட் கொடுத்த பதிலில், 2018 முதல் பொதுத்துறை வங்கிகளும் 5 பெரிய தனியார் வங்கிகளும் வசூலித்தது 35,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று வந்தது. குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கு 21,000 கோடிக்கு மேல், ஏடிஎம் எண்ணிக்கை தாண்டியதற்கு 8,000 கோடிக்கு மேல், எஸ்எம்எஸ்ஸுக்கு 6,000 கோடிக்கு மேல். இது வசதியானவர்கள், வசதியில்லாதவர்கள் எல்லாரிடமும் வாங்கியதுதான். ஆனால் கணக்கில் எப்போதும் ஐம்பதாயிரம் வைத்திருப்பவர் குறைந்தபட்ச இருப்புக்கு அபராதம் கட்டியிருக்க மாட்டார்.

இதற்கு வழியே இல்லையா என்றால், வழி பல வருடங்களுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதுதான் எனக்கு அதிக எரிச்சலைத் தருகிறது. அடிப்படை சேமிப்புக் கணக்கு என்று ஒன்று 2012 முதல் இருக்கிறது. குறைந்தபட்ச இருப்பு கிடையாது. அட்டை இலவசம், அட்டைக்கு ஆண்டுக் கட்டணமும் கிடையாது. ஏடிஎம் உட்பட மாதம் 4 முறையாவது கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம் என்று 2019 ஜூனில் ரிசர்வ் வங்கி மறுபடி உறுதிப்படுத்தியது. சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர் கேட்டால் அதை அடிப்படைக் கணக்காக மாற்றித் தர வேண்டும். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு மட்டும் இருக்கக் கூடாது. அப்பத்தாவின் கணக்கு இந்த வகையாக இருந்திருந்தால் 177 ரூபாய் போயிருக்காது.

கேட்டால் மாற்றித் தர வேண்டும் என்கிறார்கள். கேட்கத் தெரிந்தவர்கள் யார்? எங்கள் குழுவில் இரண்டு பேருக்கு நானே வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தேன். ஒருவருக்கு மாற்றித் தந்தார்கள். இன்னொருவரிடம் "அந்தக் கணக்குல லோன் வராது, யோசிச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். குழுக்கடன் குழுவின் பெயரில் வருகிறது, தனி ஆள் கணக்கு எந்த வகை என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் கடன் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் பயந்துபோய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

எந்தக் கணக்கு உதவித்தொகைக் கணக்கு என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று வங்கிகள் கேட்க முடியாது. மத்திய, மாநில அரசுத் திட்டப் பயனாளிகளுக்காகத் தொடங்கிய இருப்பில்லாக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும், செயல்படாத கணக்கு என்று முத்திரை குத்திவிடக் கூடாது என்று 2024 ஜனவரி 1 அன்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. முத்திரை குத்தாமல் இருக்கப் பிரிக்க முடிகிறது என்றால், கட்டணம் பிடிக்காமல் இருக்கவும் பிரிக்க முடியும். உரிமைத் தொகை யார் யார் கணக்கில் ஏறுகிறது என்ற பட்டியலோ அரசிடமே இருக்கிறது, ஒவ்வொரு மாதமும் அதை வைத்துத்தான் பணம் போடுகிறார்கள்.

ஆகவே அரசை நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு பெண்ணும் கிளையில் போய் நிற்க வேண்டாம். பயனாளிகள் பட்டியலை, வங்கிகளும் அரசும் சேர்ந்து கூடும் மாநில வங்கியாளர் குழுக் கூட்டத்தில் வைத்து, சம்மதக் கடிதத்தை ரேஷன் கடையிலோ ஊராட்சியிலோ முகாம் போட்டு வாங்கி, அந்தக் கணக்குகளை மொத்தமாக அடிப்படைக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். விண்ணப்பம் வாங்கும்போது ஊர் ஊராக முகாம் போட்டவர்களுக்கு இது முடியாத காரியம் இல்லை. மாதம் ஆயிரம் கோடிக்கு மேல் வங்கிகள் வழியாகப் போடுகிற அரசு, இருப்பு போதாமல் திரும்பினால் இந்தக் கணக்குகளில் கட்டணம் பிடிக்கக் கூடாது, இருப்புப் பார்ப்பதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று வங்கிகளிடம் நிபந்தனை போடலாம். வங்கிக்கு அதில் நஷ்டம் என்றால் அந்த 19 ரூபாயை அரசு கொடுத்துவிட்டுப் போகட்டும். 15-ஆம் தேதியை ஒட்டிய ஒரு வாரமாவது கிராமத்து மெஷின்களில் 100 ரூபாய் நோட்டை நிரப்பச் சொல்லி மாவட்ட ஆட்சியர் ஒரு வார்த்தை கேட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இதையெல்லாம் செய்யும்வரை சும்மா இருக்க முடியாது. எங்கள் குழுவில் இப்போதைக்குச் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம், மற்ற குழுக்களுக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன். 15-ஆம் தேதி யாரும் ஓடுவதில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் போகிறோம். முதலில் 500 அழுத்த வேண்டும். அது வந்த பிறகு சீட்டில் இருப்பைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த 500. நேராக ஆயிரத்தை அழுத்தக் கூடாது. எஸ்எம்எஸ் வேண்டாதவர்கள் கிளையில் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். மெஷினில் பணம் வராமலேயே கணக்கில் கழிந்துவிட்டால் வங்கி 5 நாளுக்குள் தானாகத் திருப்பிப் போட வேண்டும், தவறினால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும் என்று 2019 செப்டம்பர் உத்தரவு இருக்கிறது. இதைச் சொல்லிக் கேட்டுத்தான் எங்கள் குழுவில் ஒரு மதினிக்குப் பணம் திரும்பி வந்தது. அந்த நூறு ரூபாய்க் கணக்கு வரவில்லை, அதையும் கேட்டு எழுதியிருக்கிறோம்.

வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். விவரம் கேட்க 14448 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். ஆனால் புகாரை இணையத்தில் போடத் தெரியாமல் தபாலில் அனுப்பினால் அது சண்டிகருக்குப் போக வேண்டுமாம். 23 ரூபாய் 60 காசுக்காகப் பேரையூரிலிருந்து சண்டிகருக்கு ரெஜிஸ்டர் தபால் அனுப்பச் சொல்லும் ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ தெரியவில்லை. சென்னையிலேயே ஒரு பெட்டி வைத்தால் என்ன?

எங்கள் குழுவினரின் பாஸ்புக் பக்கங்களை, அவரவர் சம்மதத்தோடு, நகலெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். கழித்த வரிகளைச் சிவப்பு மையில் கோடிட்டிருக்கிறேன். பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்திருக்கிறேன், வெளியிட்டால் அப்படியே வெளியிட வேண்டுகிறேன். இதே நகல்களை வைத்து மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவும் கொடுக்க இருக்கிறோம். உங்கள் நிருபர் யாராவது பேரையூர்ப் பக்கம் வந்தால் மூல பாஸ்புக்குகளையே காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு மகளிர் குழு ஊக்குநர்,
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்.